அடுத்த வீட்டில் யார்?

உற்றார் உறவினர் சொந்த ஊரில் இருக்கிறார்கள். பிள்ளை பெங்களூரிலோ அமெரிக்காவிலோ வேலை பார்க்கிறான். உயிருக்குயிரான நண்பர் நகரத்தின் மறுகோடியில் குடியிருக்கிறார். ஆபத்து மட்டும் நம் வாசற்படியில் வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரக்கூடியவர் ஒருவர்தான் உண்டு. அவர் அடுத்த வீட்டுக்காரர்.

அவரை நமக்கு எவ்வளவு தெரியும்? முகம் தெரியும். வண்டியின் நிறம் தெரியும். அவர் வீட்டு நாய் எத்தனை மணிக்குக் குரைக்கும் என்பதும் தெரியும். அவர் பெயர் என்ன என்று யாராவது கேட்டால், நம்மில் பலர் திருதிருவென்று விழிப்போம்!

அண்டை அயலாருடன் அன்பாகப் பழகுவது நல்ல குணம் என்று சிறு வயதிலிருந்தே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல குணந்தான், சந்தேகமில்லை. ஆனால் அதை ஒரு மரியாதை என்ற அளவில் நினைத்து நாம் நிறுத்திக்கொள்கிறோம். உண்மையில் அது உயிர் காக்கும் காரியம். உலகில் எத்தனையோ இடங்களில் இது மெய்ப்பட்டிருக்கிறது. அவற்றுள் மறக்க முடியாத ஓர் ஊர் ஜப்பானில் இருக்கிறது.

விடியுமுன் வந்த விபத்து

1995-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் தேதி. விடியற்காலை மணி 5-46. கடுங்குளிர். ஜனங்கள் போர்வைக்குள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது மேற்கு ஜப்பானில் கோபே நகரத்தையும் அதை அடுத்த அவாஜித் தீவையும் ஒரு பெரும் பூகம்பம் உலுக்கியது. ஆட்டம் ஒரு நிமிஷங்கூட நீடிக்கவில்லை. மாண்டவர்களோ 6,400 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் தங்கள் சொந்த வீட்டின் கூரைக்கும் சுவருக்கும் அடியில் சிக்கி மாண்டவர்கள்.

அவாஜித் தீவின் வட பகுதியில் ஹொக்குடான் என்று ஓர் ஊர் இருந்தது. (2005-இல் அது பக்கத்து ஊர்களுடன் சேர்ந்து அவாஜி என்ற நகரம் ஆகிவிட்டது.) பூகம்பம் புறப்பட்ட இடத்துக்கு மிக அருகில் இருந்த ஊர் அது. பூமி பிளந்த கோடு அந்த ஊர் வழியாகவே ஓடிற்று. கனமான ஓடுகள் வேய்ந்த பழைய மர வீடுகள் வரிசை வரிசையாகச் சரிந்தன. சுமார் 300 பேர் இடிபாடுகளுக்குள் உயிரோடு சிக்கிக்கொண்டார்கள்.

அவர்களை மீட்டவர்கள் யார்? பட்டாளம் இல்லை. தலைநகரிலிருந்து வந்த நிபுணர்களும் இல்லை. அந்த ஊரில் தொண்டர் தீயணைப்புப் படை ஒன்று உண்டு. அதில் இருந்தவர்கள் உள்ளூர் விவசாயிகள், மீனவர்கள், கடைக்காரர்கள். அவர்களும் அக்கம் பக்கத்தாரும் ரம்பத்தையும் ஜாக்கியையும் எடுத்துக்கொண்டு இருட்டிலேயே கிளம்பிவிட்டார்கள். கருவி இல்லாதவர்கள் கையாலேயே ஓடுகளை அள்ளி எறிந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இடிந்து கிடக்கும் வீட்டில் எங்கே தோண்டுவது என்பதுதான் மீட்பு வேலையில் மிகக் கஷ்டமான கேள்வி. தப்பான இடத்தில் தோண்டினால் ஒரு மணி நேரம் வீண். அந்த ஒரு மணி நேரத்தில் ஓர் உயிர் போய்விடும். ஆனால் ஹொக்குடான் மக்களுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. 'இந்த வீட்டுப் பாட்டி பின்கட்டு அறையில் படுப்பார். மகனும் மருமகளும் மாடியில். இந்த வாரம் பேரன் ஊரில் இல்லை' என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. ஆகவே நேரே அந்த இடத்தில் போய்த் தோண்டினார்கள். அன்று சாயங்காலத்துக்குள் ஊரிலுள்ள ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார் என்று கணக்குத் தெரிந்துவிட்டது. சுமார் 40 பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அவ்வளவு வீடுகள் தரைமட்டமான ஊரில் அத்தனை பேரை அத்தனை சீக்கிரத்தில் வெளியே எடுத்தது இன்றும் வியந்து பேசப்படுகிறது.

பூகம்பப் பிரதேசம் முழுவதையும் சேர்த்து நிபுணர்கள் ஒரு மதிப்பீடு செய்தார்கள். பிறர் தோண்டி எடுக்க வேண்டிய நிலையில் சிக்கியிருந்தவர்கள் சுமார் 35,000 பேர். அவர்களில் சுமார் 27,000 பேரை வெளியே எடுத்தவர்கள் குடும்பத்தாரும் அண்டை வீட்டாருமே. தீயணைப்புப் படை, போலீஸ், ராணுவம் மூன்றும் சேர்ந்து எடுத்தது சுமார் 8,000 பேர். அவர்களிலும் பாதிப் பேர் அதற்குள் உயிர் நீத்துவிட்டார்கள். இதில் படையினரைக் குறை சொல்ல இடமில்லை. சாலைகள் அடைபட்டிருந்தன, தண்ணீர்க் குழாய்கள் உடைந்திருந்தன, அவர்கள் வந்து சேர நேரமாயிற்று. அண்டை வீட்டுக்காரர் எங்கிருந்தும் வர வேண்டியதில்லை. அவர் அங்கேயே இருந்தார்!

கோபே நகரின் நாகத்தா வட்டாரத்தில் தீப்பிடித்துத் தெருத் தெருவாக எரிந்தது. அங்கே மானோ என்ற பகுதியில் மட்டும் தீ பரவாமல் தடுக்கப்பட்டது. குடியிருப்போர் வரிசையாக நின்று வாளிவாளியாகத் தண்ணீரைக் கை மாற்றினார்கள். பக்கத்துத் தொழிற்சாலையின் தீயணைப்புக் குழுவும் கைகொடுத்தது. அந்தப் பகுதி மக்களுக்கு இந்த ஒற்றுமை அன்று காலையில் திடீரென்று வந்துவிடவில்லை. 1960-களிலேயே தொழிற்சாலைப் புகையை எதிர்த்து ஒன்றாகக் கூடியவர்கள் அவர்கள். முப்பது வருஷப் பழக்கம் அன்று பயன்பட்டது.

குலுக்கல் பிரித்த தெருக்கள்

கதை இத்துடன் முடியவில்லை. இதன் இரண்டாம் பாகம் சோகமானது.

வீடிழந்தவர்களுக்காக அரசாங்கம் சுமார் 48,000 தற்காலிக வீடுகளைக் கட்டியது. யாருக்கு எந்த வீடு என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். முதியவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் முதலிடம் கொடுத்தார்கள். நல்ல எண்ணந்தான். அதில் யாரும் தப்புக் காண முடியாது.

ஆனால் விளைவு என்ன ஆயிற்று? ஒரே தெருவில் ஐம்பது வருஷம் வாழ்ந்தவர்கள் திசைக்கு ஒருவராகச் சிதறிப் போனார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில், பழைய கடைவீதிக்கும் வைத்தியருக்கும் வெகு தூரத்தில், வயோதிகர்கள் தனியே உட்கார்ந்திருந்தார்கள். பூகம்பத்தில் தப்பிய அவர்களில் 200 பேருக்கு மேல் அந்தத் தற்காலிக வீடுகளில் யாரும் அருகில் இல்லாமல் தனியே இறந்தார்கள். ஜப்பானியர் இதற்குக் 'கொதோக்குஷி' என்று பெயர் சொல்கிறார்கள். 'தனிமைச் சாவு' என்று பொருள். சிலருடைய மரணம் நாள்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை.

ஜப்பான் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. 2004-ஆம் ஆண்டு அக்டோபரில் நீகாத்தா மாநிலத்தில் பூகம்பம் வந்தபோது, யமகோஷி என்ற மலைக் கிராமம் முழுவதையும் காலி செய்ய வேண்டி வந்தது. சுமார் 2,000 மக்களை ஹெலிகாப்டரில் வெளியே கொண்டு வந்தார்கள். இந்தத் தடவை தற்காலிக வீடுகளைக் குலுக்கிப் போடவில்லை. ஒவ்வொரு குக்கிராமத்துக்காரரையும் ஒரே வரிசையில் குடிவைத்தார்கள். மலையில் பக்கத்து வீட்டில் இருந்தவர் முகாமிலும் பக்கத்திலேயே இருந்தார். வீடு போனாலும் தெரு போகவில்லை!

பக்கத்துப் பக்கத்துப் பேட்டைகள்

பூகம்பம் நமக்கு அபூர்வம். வெயில் அப்படியல்ல. ஆகவே அதே 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடந்ததையும் கேளுங்கள்.

ஜூலை மாத நடுவில் அங்கே அனல் காற்று வீசியது. 13-ஆம் தேதி வெப்பம் 106 டிகிரியைத் தொட்டது. சில நாட்களுக்குள் வழக்கத்துக்கு மேல் 739 பேர் இறந்தார்கள். அவர்களில் தனியாக வாழ்ந்த முதியவர்கள் ஏராளம். திருடருக்குப் பயந்து ஜன்னலையும் கதவையும் இறுக்கி மூடிக்கொண்டு, உள்ளே வெந்து மடிந்தவர்கள் பலர்.

எரிக் கிளைனன்பெர்க் என்ற சமூகவியல் ஆசிரியர் இதைத் துருவி ஆராய்ந்து 2002-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் இரண்டு பேட்டைகளை ஒப்பிட்டார். ஒன்று வடக்கு லாண்டேல்; மற்றொன்று தெற்கு லாண்டேல். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. வெயில் ஒன்றே. இரண்டிலும் ஏழைகள் அதிகம். தனியாக வாழும் முதியவர்களும் அதிகம். ஆயினும் மக்கள்தொகை விகிதப்படி பார்த்தால், வடக்கில் இறந்தவர்கள் தெற்கைப்போல் பத்து மடங்கு!

காரணம் என்ன? வடக்கில் ஆலைகள் மூடிக் கிடந்தன. கடைகள் போய்விட்டன. காலி மனைகளும் பாழடைந்த வீடுகளும் மிஞ்சின. வயதானவர் வெளியே வருவதற்குப் பயந்தார்; வந்தாலும் போவதற்கு இடமில்லை. தெற்கிலோ கடைவீதி கலகலவென்று இருந்தது. நடைபாதையில் எந்நேரமும் ஆள் நடமாட்டம். தனிக்கட்டையான கிழவருங்கூடக் காய்கறி வாங்க வெளியே வருவார்; குளிர்ந்த கடைக்குள் சற்று நேரம் நிற்பார்; நாலு பேர் கண்ணில் படுவார். அவர் இரண்டு நாள் தென்படாவிட்டால், 'பெரியவரைக் காணோமே' என்று யாருக்காவது தோன்றும்.

'காணோமே' என்று ஒருவர் நினைப்பது சின்ன விஷயம். அதுதான் அந்த இரு பேட்டைகளுக்கும் நடுவே உயிருக்கும் மரணத்துக்கும் எல்லையாக இருந்தது.

திண்ணை போன பிறகு

நம் ஊர்களில் இந்த ஏற்பாடு வெகு காலமாக இருந்து வந்திருக்கிறது. வீட்டுக்கு வீடு திண்ணை இருந்தது. போவோர் வருவோரைப் பார்க்கத் தாத்தா அதில் உட்கார்ந்திருந்தார். சென்னையில் ஒரே வாசலுக்குள் பத்துக் குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் செய்தன. குழாயடியில் சண்டையும் உண்டு, சிநேகமும் உண்டு. உறை மோருக்கும் ஒரு கரண்டிக் காப்பிப் பொடிக்கும் அடுத்த வீட்டுப் படியேறுவதை யாரும் அவமானமாக நினைக்கவில்லை. கொலுவுக்கு அழைத்துச் சுண்டல் கொடுப்பதும், ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சி வருவதும், கிறிஸ்துமஸுக்குத் தட்டு நிறையப் பலகாரம் வருவதும், பொங்கலன்று பொங்கல் போவதும் தெருவைத் தெருவாக வைத்திருந்த கயிறுகள்.

திண்ணை போயிற்று, இரும்புக் கதவு வந்தது. ஒரு கட்டடத்தில் நாற்பது குடும்பங்கள் இருக்கின்றன. மின்தூக்கியில் ஒருவரையொருவர் பார்த்தால் கையிலுள்ள செல்போனைப் பார்க்கிறோம். பழைய காலமே பொற்காலம் என்று பெருமூச்சு விடுவதில் பயனில்லை. ஒண்டுக்குடித்தனத்தில் இருந்த அவஸ்தைகளை அதில் வாழ்ந்தவர்களே அறிவார்கள். ஆனால் நமக்கு இப்போது ஒரு புது அவசியம் வந்திருக்கிறது. 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயது கடந்தவர்கள். பிள்ளைகள் தூர தேசத்தில். பெற்றோர் இங்கே தனியே. எத்தனை தெருக்களில், எத்தனை பூட்டிய கதவுகளுக்குப் பின்னால், இந்த நிலை!

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி பெய்த மழையைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அடையாற்றில் வெள்ளம் கரை புரண்டது. மின்சாரம் நின்றது. செல்போன்கள் ஊமையாயின. அயல் நாட்டிலிருந்து பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் பதில் வரவில்லை. அந்த இரவில் கீழ்வீட்டுக்காரரை மாடிக்கு அழைத்து இடம் கொடுத்தவர் மேல்வீட்டுக்காரர். மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டுவந்து தெருத் தெருவாக ஜனங்களை ஏற்றிச் சென்றார்கள். பள்ளிவாசல்களும் கோவில்களும் தேவாலயங்களும் கதவைத் திறந்துவிட்டன. எத்தனையோ கட்டடங்களில் ஒருவர் பெயரை ஒருவர் முதன்முதலாகத் தெரிந்துகொண்டது அன்றுதான். வெள்ளம் வந்தா அறிமுகம் செய்துவைக்க வேண்டும்?

தெரிந்துகொள்ள வேண்டியவை

அண்டை வீட்டாரின் ஜாதகம் நமக்கு வேண்டாம். சில சில்லறை விஷயங்கள் தெரிந்திருந்தால் போதும்.

இடமும் வலமும் எதிரும் உள்ள வீடுகளில் இருப்பவர்களின் பெயர்கள். அவர்களுள் தனியாக இருப்பவர் யார், படுக்கையில் கிடப்பவர் யார், நிறைமாதக் கர்ப்பிணி யார் என்ற விவரம். இன்சுலின் போன்ற மருந்தைக் குளிர்ப் பெட்டியில் வைத்திருக்க வேண்டியவர் யார் என்பது. மின்சாரம் நின்றால் அவருக்குத்தான் முதல் கவலை. தனியே வாழும் பெரியவரின் மகனுக்கோ மகளுக்கோ உரிய தொலைபேசி எண். கட்டடத்தின் மெயின் சுவிட்சும் தண்ணீர் வால்வும் இருக்கும் இடம். மழைக் காலத்தில் தெருவில் முதலில் தண்ணீர் தேங்கும் பள்ளம்.

நம் சொந்த விலாசத்தையும் சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது. சிரிக்காதீர்கள்! பழைய எண், புதிய எண் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு எண்கள் உள்ள தெருக்கள் சென்னையில் நிறைய உண்டு. தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால், 'என்ன அடையாளம்?' என்றுதான் கேட்பார்கள். தெருமுனையில் ஒருவர் நின்று கையைக் காட்டி வண்டியை அழைத்துவந்தால், சில நிமிஷங்கள் மிச்சம். அந்த ஒருவர் அண்டை வீட்டுக்காரராகத்தான் இருக்க முடியும். வீட்டார் நோயாளியின் பக்கத்தில் அல்லவா இருப்பார்கள்?

நம்பிக்கையான ஓர் அண்டை வீட்டில் மாற்றுச் சாவி ஒன்றைக் கொடுத்துவைக்கும் வழக்கமும் நல்லது. உள்ளே விழுந்து கிடப்பவரைத் தூக்குவதற்குக் கதவை உடைக்க வேண்டியிராது.

தெருவை அறிந்தவர்கள் வேறு சிலரும் உண்டு. துணி தேய்ப்பவர், பால் போடுபவர், பூக்காரம்மா, காவல்காரர், துப்புரவுப் பணியாளர். எந்த வீட்டில் பால் எடுக்காமல் கிடக்கிறது என்பது இவர்கள் கண்ணில்தான் முதலில் படும். இவர்கள் பெயரையும் தெரிந்துகொண்டு நாலு வார்த்தை பேசுகிறவனே தன் பேட்டையை அறிந்தவன்.

வம்பும் விசாரணையும்

'இதெல்லாம் பிறர் விஷயத்தில் தலையிடுவது ஆகாதா?' என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், என்ன சம்பளம், பெண்ணுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்பது வம்பு. 'இரண்டு நாளாகக் காணோமே, உடம்புக்கு ஒன்றுமில்லையே?' என்று கேட்பது விசாரணை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எந்தக் குழந்தைக்கும் புரியும். கேட்டவர் பதிலைக் கேட்டுக்கொண்டு உதவிக்கு நிற்கிறாரா, அல்லது அடுத்த வீட்டுக்குப் போய்ச் சொல்கிறாரா என்று பார்த்தால் போதும்.

சச்சரவுகளும் வரத்தான் செய்யும். வண்டி நிறுத்தும் இடம், சுவரில் வழியும் தண்ணீர், நள்ளிரவில் ஒலிபெருக்கி, வாசலில் தள்ளிய குப்பை. இவற்றில் பெரும்பாலானவை நேரில் போய் நிதானமாகச் சொன்னால் தீர்ந்துவிடும். முதல் பேச்சே புகாராக இருந்தால் தீராது. பெயர் சொல்லிப் பேசிப் பழகியவரிடம், 'ஸார், ராத்திரி சத்தம் கொஞ்சம் அதிகம்' என்று சொல்ல முடியும். பழகாதவரிடம் அதே வார்த்தை சண்டைக்கு அழைப்பு!

நம் ஆட்கள் மட்டுமா?

இன்னொன்றையும் மூடி மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் நாட்டில் தெருக்களே ஜாதிவாரியாகப் பிரிந்து கிடந்தன; பல ஊர்களில் இன்னும் கிடக்கின்றன. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் இரு பகுதி மக்களுக்கு இடையே நின்ற சுவரின் ஒரு பகுதி 2008-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் இடிக்கப்பட்டது. இதற்கு மாற்றாகவே 1997-இல் தமிழக அரசு சமத்துவபுரங்களைத் தொடங்கியது. ஒரு குடியிருப்பில் 100 வீடுகள். ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. எல்லாரும் கலந்து பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

பக்கத்தில் வீடு கட்டிக் கொடுக்க அரசாங்கத்தால் முடியும். படியேறிப் போய்ப் பேசுவதை யாரும் சட்டம் போட்டுச் செய்ய முடியாது. நம் ஜாதி, நம் மதம், நம் பாஷை என்று பார்த்துப் பழகினால், தெருவில் பாதியைத்தான் அறிந்தவர்கள் ஆவோம். வெள்ளமும் வெயிலும் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

ஒரு தட்டுப் பலகாரம்

பாரிஸ் நகரில் அடானாஸ் பெரிபான் என்பவர் வசித்த பேட்டையில் ஒரு மூதாட்டி தன் வீட்டுக்குள் இறந்து, மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடந்தார். அந்தச் செய்தி அவர் மனத்தை வாட்டியது. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு சங்கம் அமைத்தார். 1999-இல் 'அண்டை வீட்டார் திருநாள்' என்று ஒன்றை ஆரம்பித்து வைத்தார். ஏற்பாடு மிக எளிது. வசந்த காலத்தில் ஒரு சாயங்காலம் ஒரே கட்டடத்தில் இருப்பவர்கள் முற்றத்தில் மேஜை போடுவார்கள். ஆளுக்கு ஒரு பண்டம் கொண்டுவந்து சேர்ந்து உண்பார்கள். அவ்வளவுதான். அது பிரான்ஸ் தேசம் எங்கும் பரவி, பிற நாடுகளுக்கும் போயிற்று.

நமக்குப் புதிதாகத் திருநாள் வேண்டியதில்லை. தீபாவளியும் பொங்கலும் ரம்ஜானும் கிறிஸ்துமஸும் நிறையவே இருக்கின்றன. அவற்றுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பெரும்பாலோர் வீட்டில் இருப்பார்கள். வீட்டில் செய்த பலகாரத்தில் நாலு ஒரு தட்டில் வைத்து, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அவர் பெயரைக் கேளுங்கள். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுப்பது நம்மவர்களுக்குப் பழக்கமில்லை. நாலு நாளில் அந்தத் தட்டு ஏதாவது ஒன்றைச் சுமந்துகொண்டு உங்கள் வீட்டுக்குத் திரும்பி வரும்.

அடுத்த வீட்டுக்காரர் யார் என்று யாராவது கேட்டால், அப்புறம் நீங்கள் விழிக்க வேண்டியிராது.